பரிசுத்தம் என்னும் சொல்லும் வெஸ்லியக் கொள்கையும்

முன்னுரை

ஒரு சமயக் கொள்கை தான் தோன்றிய நாட்டை நீங்கி வேற்றுநாடு புகுங்கால், அது முதற்கண் குடியேறும் இடம் அந்நாட்டு மக்களின் சொல்லே ஆகும். அச்சொல் வெற்றிடம் அன்று. முன்னரே வாழ்ந்தோர் பலர் தம் பொருளை அதன்கண் வைத்துச் சென்றுள்ளனர். ஆகவே, புதிதாய் வந்த கொள்கை சொல்லின் பழம்பொருளை விரித்தலும் உண்டு. சொல்லின் பழம்பொருள் வந்த கொள்கையைச் சுருக்கிவிடுதலும் உண்டு. இவ்விரண்டும் ஒரே சொல்லின்கண் நிகழ்ந்தமைக்குத் தக்க சான்று, மெதடிஸ்டுக் கிறித்தவர்தம் தலையாய கொள்கையைக் குறிக்கத் தமிழில் வழங்கும் 'பரிசுத்தம்' என்னும் சொல்லாகும்.

இச்சொல்லின் வரலாற்றை ஆராய்தற்கு நாம் கொண்ட களம், மக்கள் ஸ்ரீபெரும்புதூர் என வழங்கும் திருப்பெரும்பூதூரும், ஒரகடமும், அவற்றைச் சூழ்ந்த ஊர்களும் ஆகும். இக்களத்தைக் கொண்டமைக்குக் காரணம் மூன்று. முதலாவது, இராமாநுசர் தோன்றிய ஊர் இது; இறையருளுக்கும் மனித முயற்சிக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் பெருவினா அவர் வழிவந்தோரால் தமிழ்மண்ணில் நுணுகி ஆராயப்பெற்றது. இரண்டாவது, இவ்வட்டாரத்திற்கு வடக்கே, பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதியாயிருந்த திருவள்ளூரையும் ஈக்காட்டையும் நடுவாகக் கொண்டு, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெஸ்லிய மிஷன் சேரிமக்களிடையே பணியாற்றியது. மூன்றாவது, இன்று இவ்வட்டாரம் ஆலைத்தொழிலாளர் வாழும் வட்டாரம். வெஸ்லி வெட்டவெளியில் நின்று பேசத் தொடங்கிய காலத்து அவரைக் கேட்டவர்களும் தொழிலாளரே.

பரிசுத்தம் என்பது விலக்கத்தக்கவற்றை விலக்கி நிற்கும் நிலையா? பிறரோடு கூடி அன்பில் நிறையும் நிலையா? இவ்வினாவுக்கு வெஸ்லி தந்த விடையையும், தமிழ்ச் சொற்கள் தந்த விடையையும், வாழ்க்கை தந்த விடையையும் ஒருங்குவைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எச்சமயத்தையும் போற்றுதலோ தூற்றுதலோ நம் கருத்தன்று.

1. வெஸ்லி கண்ட பரிசுத்தம்

ஜான் வெஸ்லி (1703–1791) இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாகத் திருநிலை பெற்றவர்; இறுதிவரை அச்சபையை விட்டு நீங்காதவர். 1729-ஆம் ஆண்டு முதல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் அவரும் அவர்தம் தம்பியார் சார்லஸும் நண்பர் சிலரும் கூடி நோன்பு, வேண்டுதல், சிறைப்பட்டோரைக் காணுதல் முதலியவற்றைக் காலமுறை தவறாது செய்து வந்தனர். அதனைக் கண்டு நகைத்தோர் இட்ட பெயரே 'மெதடிஸ்டு' என்பது. 'முறைமையர்' என அதனைத் தமிழாக்கலாம். இகழ்ச்சிப் பெயர் பின்னர் இயக்கத்தின் பெயராயிற்று.

முறைமை மட்டும் உள்ளத்தை மாற்றவல்லது அன்று என்பதை வெஸ்லி தம் வாழ்வில் உணர்ந்தார். 1738 மே 24-ஆம் நாள் இலண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நிகழ்ந்த சிறு கூட்டமொன்றில் இறையருள்மீது உறுதியான நம்பிக்கை தமக்குப் பிறந்ததாக அவர் எழுதியுள்ளார். மறு ஆண்டு பிரிஸ்டல் நகரிலும் அதனை அடுத்த கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கப் பகுதியிலும் திறந்தவெளியில் பேசத் தொடங்கினார்.

வெஸ்லியின் கொள்கையில் இறையருள் மூன்று நிலைகளில் தொழிற்படுகின்றது. மனிதன் இறைவனை நாடுமுன்னரே அவனை நாடி வருவது முந்துறும் அருள். அவன் குற்றம் நீக்கி ஏற்றுக்கொள்வது மன்னிக்கும் அருள். அவன் உள்ளத்தைப் படிப்படியாக மாற்றி அன்பால் நிரப்புவது தூய்மையாக்கும் அருள். மன்னிப்போடு அருளின் பணி முடிந்துவிடுவதில்லை என்பதே அவர்தம் சிறப்புக் கருத்து. அருள் மனிதனின் நிலையை மாற்றுவதோடு இயல்பையும் மாற்றும். அம்மாற்றம் இவ்வுலக வாழ்விலேயே நிறைவெய்தலும் கூடும். இந்நிறைவை அவர் 'கிறித்தவ நிறைவு' என்றும் 'நிறையன்பு' என்றும் வழங்கினார். 1766-இல் வெளியிட்ட நூலொன்றில் இதனை விரிவாக விளக்கினார்.

இந்நிறைவு யாதென்பதில் மயக்கம் பல உண்டு. அறியாமை, பிழை, உடற்குறை, சோதனை ஆகிய இவற்றினின்றும் நிறைவுற்றோர் விடுபட்டவர் என்று வெஸ்லி கூறவில்லை. பாவம் என்பதை, அறிந்த நெறியை வேண்டுமென்றே மீறுதல் எனக் கொண்டு, இறைவனிடத்தும் பிறரிடத்தும் கொண்ட அன்பு உள்ளத்தை முழுதும் ஆளும் நிலையையே அவர் நிறைவு என்றார். அந்நிலையை அடைந்தோர் இழத்தலும் கூடும் என்பதும் அவர் கருத்து.

இனி, இப்பரிசுத்தம் எங்கே விளைவது என்பது வினா. காட்டிலும் குகையிலும் தனித்துறையும் துறவியிடம் விளைவது என்பதை வெஸ்லி ஏற்கவில்லை. 1739-இல் வெளிவந்த பாடல்தொகுதி ஒன்றின் முன்னுரையில், பரிசுத்தம் கூட்டுறவில் அன்றி உண்டாகாது என்னும் கருத்தை அவர் நிலைநாட்டினார். பிற்காலத்தார் சிலர் இதனைச் சமுதாயச் சீர்திருத்தம் என்றே பொருள்கொண்டனர். வெஸ்லி அவ்விடத்துக் குறித்தது நம்பிக்கையுடையோர் ஒருவரையொருவர் தாங்கி வாழும் கூட்டுறவையே. எனினும், அவர் வாழ்வை நோக்குமிடத்து, கூட்டுறவின் எல்லை சபையோடு நின்றதில்லை என்பது புலனாகும். 1774-இல் அடிமை வாணிகத்தைக் கண்டித்து அவர் நூல் எழுதினார். இறப்பதற்குச் சில நாள்முன், 1791 பிப்ரவரி 24-இல், அவ்வாணிகத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்போர்சுக்கு ஊக்கமூட்டிக் கடிதம் வரைந்தார்.

2. அருளும் முயற்சியும்: ஒரு வைணவ ஒப்பீடு

அருளே எல்லாம் செய்யுமாயின் மனிதனுக்குச் செயல் யாது என்னும் ஐயம் ஈண்டு எழும். இவ்வையத்தைத் தமிழறிஞர் நன்கறிந்த ஒரு வழக்கால் விளக்குதல் எளிது. இராமாநுசருக்குப் பின் வைணவம் இரு கலையாகப் பிரிந்து வாதிட்டபோது, வடகலையார்க்குக் குரங்குக்குட்டி உவமையும் தென்கலையார்க்குப் பூனைக்குட்டி உவமையும் வழங்கின. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லும். முன்னதில் உயிரின் பற்றுதலும் வேண்டும். பின்னதில் இறைவன் செயலே அமையும்.

வெஸ்லியின் காலத்து இங்கிலாந்திலும் இதனையொத்த வாதம் நிகழ்ந்தது. வெஸ்லியின் நண்பர் ஜார்ஜ் விட்பீல்டு, கால்வினின் நெறிபற்றி, மீட்புக்குரியோரை இறைவன் முன்னரே தேர்ந்து வைத்துள்ளான் என்றார். வெஸ்லி 1739-இல் நிகழ்த்திய பேருரையொன்றில் அதனை மறுத்து, அருள் அனைவர்க்கும் உரியது என்றும், அதனை ஏற்கவும் மறுக்கவும் மனிதனுக்கு இயலும் என்றும் நிறுவினார்.

இவ்வகையில் வெஸ்லி குரங்குக்குட்டியின் பக்கமே நிற்பவர் போலத் தோன்றும். ஆயின், ஒரு வேறுபாடு உண்டு. குட்டி பற்றுகின்ற ஆற்றலும் அதன் சொந்த ஆற்றல் அன்று, முந்துறும் அருள் தந்த ஆற்றலே என்பது அவர் துணிபு. எனவே, முயற்சியை வலியுறுத்தியும் முயற்சியால் வரும் செருக்கிற்கு அவர் இடந்தரவில்லை. வினைக்கோட்பாடு, பிறவிக்கோட்பாடு முதலியவற்றில் இரு நெறிகளும் பெரிதும் வேறுபடுவன ஆதலின், இவ்வொப்புமையை இவ்வளவில் நிறுத்துதல் முறையாகும்.

மற்றொரு செய்தியும் ஈண்டுக் கருதத்தக்கது. திருக்கோட்டியூரில் தாம் பெற்ற மறைபொருளை, தமக்கு நரகமே நேரினும் பிறர் உய்வாராக எனக் கருதி, இராமாநுசர் பலரறிய உரைத்தார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. தன் உயர்வைக் காத்தலினும் பிறர் உய்தலைப் பெரிதெனக் கொள்ளும் இவ்வுள்ளமே வெஸ்லி 'நிறையன்பு' என்று குறித்ததற்குத் தமிழ்நாட்டார் எளிதில் உணரும் எடுத்துக்காட்டு. இருவரையும் இணைக்கும் வரலாற்றுத் தொடர்பு யாதும் இன்று. கருத்தின் அண்மையே உண்டு.

3. தமிழில் அமைந்த சொற்கள்

வெஸ்லிய மிஷனின் தமிழ்த்தொடர்பு ஈழத்தில் தொடங்கியது. தாமஸ் கோக் என்பார் தலைமையில் புறப்பட்ட குழு 1814-இல் இலங்கையை அடைந்தது. கோக் 1814 மே 3-இல் கடலிலேயே உயிர்நீத்தார். எஞ்சியோருள் லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணத்திற்கும், ஆல்ட் மட்டக்களப்பிற்கும் சென்றனர். லிஞ்ச் 1817-இல் சென்னைக்கு வந்தார். பின்னர் நாகப்பட்டினம், மன்னார்குடி முதலிய இடங்களிலும் இம்மிஷன் பரவிற்று.

இம்மிஷனைச் சார்ந்த பீட்டர் பேர்சிவல் 1826-இல் யாழ்ப்பாணம் வந்தார். அவர் தலைமையில் நடைபெற்ற விவிலிய மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலர் (1822–1879) பங்குகொண்டு உழைத்தமை தமிழிலக்கிய வரலாறு நன்கறிந்தது. அம்மொழிபெயர்ப்பு 1850-இல் அச்சேறியது. எனினும், அது சபைகளின் பொதுப்பதிப்பாக நிலைபெறவில்லை. பவர் ஐயர் முதலானோர் திருத்தி 1871-இல் வெளியிட்ட பதிப்பே புராட்டஸ்டண்டுச் சபைகளில் நிலைத்தது. நாவலரோ 1847 டிசம்பர் 31-இல் வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மெதடிஸ்டுகளிடம் கண்ட பேச்சுமுறை அவர்க்குப் பயன்பட்டது என ஆய்வாளர் கருதுவர். ஆகவே, இவ்வியக்கம் தமிழ்நாட்டிற்குத் தந்தவற்றுள் ஒன்று அதன் எதிர்ப்பாளர் வழியாகவும் வந்தது எனலாம்.

இனிச் சொற்களை நோக்குவோம். முற்காலக் கத்தோலிக்கர் போர்த்துக்கீசியச் சொல்லையே தழுவித் தூய ஆவியை 'இஸ்பிரித்து சாந்து' என வழங்கினர். புராட்டஸ்டண்டு வழக்கில் 'பரிசுத்த ஆவி' நிலைபெற்றது. 1995-இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'தூய ஆவி' என்றது. சாந்து, பரிசுத்தம், தூய்மை என்னும் மூன்றும் ஒரே கருத்தின் மூன்று உடைகள் போலத் தோன்றினும், அவை தாங்கும் பொருள் ஒன்றன்று.

மூலமொழியாகிய எபிரேயத்தில் இக்கருத்தைக் குறிக்கும் சொல்லுக்கு 'வேறுபிரித்து வைக்கப்பட்டது' என்னும் பொருளைப் பெரும்பாலோர் கூறுவர். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல், 'முழுமை', 'நலம்' எனப் பொருள்படும் பழஞ்சொல்லோடு உறவுடையது. தமிழில் வந்த 'பரிசுத்தம்' என்னும் வடசொல்லோ, மாசற்ற நிலையைக் குறிப்பது. ஒன்றில் பிரிவும், ஒன்றில் முழுமையும், ஒன்றில் மாசின்மையும் முதன்மை பெறுகின்றன. மாசின்மை ஓர் எதிர்மறைக் கருத்து; எது இல்லை என்பதைக் கூறுமேயன்றி எது உண்டு என்பதைக் கூறாது.

வெஸ்லியின் 'நிறைவு' என்னும் கருத்துக்கு அடிப்படையான கிரேக்கச் சொல், முடிவிடத்தை எய்தியதையும் முதிர்ந்ததையும் குறிப்பது. மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகார இறுதியில் வரும் இச்சொல்லை 1871-ஆம் ஆண்டுப் பதிப்பு 'பூரண சற்குணர்' என மொழிபெயர்த்தது. குணம் என்னும் சொல் மூலத்தில் இல்லாதது. நற்குணங்கள் யாவும் குறைவற அமைந்தவர் என்னும் பொருளை அத்தொடர் தருகின்றது. கேட்போர்க்கு இஃது எட்டாத உயரத்தை நினைவூட்டுவது இயல்பே. திருவிவிலியம் 'நிறைவு' என்னும் சொல்லை ஆண்டது மூலத்திற்கு அணுக்கமானது.

வியப்பு யாதெனில், அதே 1871-ஆம் ஆண்டுப் பதிப்பு, பவுலின் திருமுகங்களில் இதே கிரேக்கச் சொல் வருமிடங்கள் சிலவற்றில் 'தேறினவர்' என்னும் அரிய தமிழ்ச்சொல்லைப் பெய்துள்ளமை. தேறுதல் என்பது தெளிதல்; நோய் நீங்கி வலிமை பெறுதல்; கற்று முதிர்தல். கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைக் கலத்தின் உட்புறத்தில் தேய்க்கும் வழக்கத்தை நாம் அறிவோம். நீரை வெளியே கொட்டிவிட்டு வேறு நீர் நிரப்புவதில்லை. அதே நீர் அதே கலத்தில் தேறுகின்றது. அருள் மனிதனின் இயல்பையே மாற்றும் என்ற வெஸ்லியின் கருத்துக்கு இதனினும் பொருந்திய சொல் தமிழில் உண்டோ என்பது ஐயமே. ஆயின், வழிபாட்டிலும் பேச்சிலும் பரிசுத்தமே வேரூன்றியது; தேறுதல் ஒதுங்கி நின்றது.

வள்ளுவர் புறத்தூய்மைக்கு நீரையும் அகத்தூய்மைக்கு வாய்மையையும் உரிமையாக்கியமை (குறள் 298) ஈண்டு எண்ணத்தக்கது. அன்றியும் 66-ஆம் அதிகாரத்திற்கு 'வினைத்தூய்மை' எனப் பெயர் அமைந்துள்ளது. உடலின் தூய்மை, உள்ளத்தின் தூய்மை என்பவற்றோடு செயலின் தூய்மை என்பதும் தமிழுக்குப் பழைய கருத்தே என்பது இதனால் போதரும்.

4. தீட்டும் பரிசுத்தமும்

சொல்லின் பொருள் அகராதியில் மட்டும் முடிவாவதன்று. பரிசுத்தம் என்னும் சொல்லைச் செங்கற்பட்டுச் சீமையின் சேரிகளில் கேட்டோர் யாவர் என்பதனையும் நோக்குதல் வேண்டும். அவர்கள் பிறப்பினாலேயே தீட்டுடையவர் எனப் பிறரால் ஒதுக்கப்பட்டவர்கள். பொதுக்கிணற்றில் நீரெடுக்கவும், கோயில் சூழ்ந்த தெருக்களில் நடக்கவும் தடுக்கப்பட்டவர்கள். பிறர் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தும் நிலமற்றிருந்தவர்கள். அவர்களிடம் சென்று, உங்களாலும் பரிசுத்தராதல் இயலும் என்று கூறியபோது, அச்சொல் ஊர் கொண்டிருந்த பொருளைத் தலைகீழாக்கியது.

திருத்தூதர் பணிகளின் பத்தாம் அதிகாரத்தில், பேதுரு தாம் விலக்கத்தக்கவை என எண்ணியவற்றைப் பற்றி ஒரு காட்சி காண்கிறார். இறைவன் தூய்மைப்படுத்தியதை விலக்காதே என அறிவுறுத்தப்படுகிறார். இவ்விடத்தில் 1871-ஆம் ஆண்டுப் பதிப்பு ஆண்ட சொல் 'தீட்டு' என்பதே. ஊரார் சேரியைக் குறித்து நாள்தோறும் கூறிய அதே சொல் மறைநூலில் வந்து மறுக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் இதனை எண்ணியே ஆண்டனரோ அல்லரோ, கேட்டவர் செவியில் அது பெற்ற ஆற்றல் பெரிது என்பது தெளிவு.

இச்சீமையில் பணியாற்றிய வெஸ்லியருள் குறிப்பிடத்தக்கவர் வில்லியம் கௌடி. 1882-இல் தமிழ்நாடு வந்த அவர் திருவள்ளூரையும் ஈக்காட்டையும் நடுவாகக் கொண்டு சேரிமக்களிடையே உழைத்தார். அதே காலத்தில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-இல் பறையர் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் பிறந்த ஆணையே, பின்னாளில் பஞ்சமி நிலம் எனப்பட்ட நில ஒதுக்கீட்டிற்கு வழிவகுத்தது. கௌடியும் பறையரும் நிலமும் பற்றி 1890-களில் மிஷன் இதழில் எழுதினார். பரிசுத்தத்தைப் போதிக்க வந்தவர் நிலத்தைப் பற்றி எழுத நேர்ந்தது தற்செயல் அன்று. உழுவோன் வேறொருவன் கடனாளியாகவும் அடிமையாகவும் இருக்கும்வரை, அவன் ஓய்வுநாளில் வழிபடுவதும் தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் அவன் விருப்பத்தின்பாற் பட்டன ஆகா.

ஆயினும், மறுபக்கத்தையும் மறைத்தல் ஆய்வாளர்க்கு அழகன்று. மிஷன்கள் பலவும் சபையிற் சேர்ந்தோர் கள்ளை விடுதல் வேண்டும், செத்த மாட்டின் ஊனை விடுதல் வேண்டும், பறையறைதலை விடுதல் வேண்டும் எனக் கட்டளையிட்டன. இவற்றுள் சில உடல்நலத்திற்கும் தன்மதிப்பிற்கும் துணையாயின. அதே வேளையில், எவற்றை ஊர் இழிவென்றதோ அவற்றையே சபையும் இழிவென ஒப்புக்கொண்டது போலவும் ஆயிற்று. தீட்டு என்னும் கோட்பாட்டை மறுத்துப் புகுந்த பரிசுத்தம், விலக்குப் பட்டியலாகச் சுருங்கியபோது, தீட்டின் மற்றொரு வடிவமாக மாறும் இடர் தோன்றிற்று. சபைக்குள்ளும் சாதி புகுந்தமை இவ்விடரின் விளைவே. சட்டத்தின் நிலையும் ஈண்டு நினைக்கத்தக்கது: 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத்தலைவர் ஆணை பட்டியலினத்தார் என்னும் தகுதியை இந்துக்களுக்கு உரியதாக்கிற்று, 1956-இல் சீக்கியர்க்கும் 1990-இல் பௌத்தர்க்கும் அது விரிந்தது, கிறித்தவரான தலித்துகளுக்கு இன்றும் அத்தகுதி இல்லை.

5. ஆலைத்தொழிலும் வெஸ்லிய மரபும்

ஏரியும் வயலுமாக இருந்த இவ்வட்டாரம் முப்பதாண்டுக்குள் ஆலைநிலமாக மாறியது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் ஆலை மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் ஆலை எழுந்தது. கைப்பேசி, கண்ணாடி, மின்பொருள், கனரக ஊர்தி ஆகியவற்றின் ஆலைகளும் நிறைந்தன. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் இளைஞரும் இளம்பெண்களும் இங்கு வந்து விடுதிகளில் தங்கி உழைக்கின்றனர். உறவும் ஊரும் விட்டு வந்து, முறைப்பணியால் நாள் இரவு மாறி வாழும் இவர்களுக்கும் வெஸ்லி கண்ட கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளருக்கும் காலமும் நாடும் வேறாயினும், நிலை பெரிதும் வேறன்று.

ஆலைத்தொழிலுக்கும் மெதடிஸ்டு மரபுக்கும் உள்ள உறவு வரலாற்றறிஞரிடையே நெடிய வாதத்திற்கு இடமாயிற்று. பிரெஞ்சு அறிஞர் எலி ஹலேவி, பிரான்சில் மூண்ட புரட்சி இங்கிலாந்தில் மூளாமைக்கு மெதடிஸ்டு இயக்கமே பெருங்காரணம் என 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். இ. பி. தாம்சன் 1963-இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாளர் வகுப்பின் வரலாற்று நூலில் மேலும் கடுமையாக உரைத்தார்: ஆலை முதலாளிக்கு வேண்டிய அடக்கமும் காலந்தவறாமையும் மதுவிலக்கும் கொண்ட தொழிலாளியை இச்சமயமே ஆக்கித் தந்தது என்பது அவர் கருத்து.

இக்குற்றச்சாட்டு வலிமையற்றதன்று. பரிசுத்தம் என்பது குடியாமை, எதிர்த்துப் பேசாமை, வேலைக்குப் பிந்தாமை என்னும் அளவில் நின்றுவிடுமாயின், அஃது ஆலைக்கு உகந்த ஒழுக்கமாகுமேயன்றி வெஸ்லி கண்ட நிறையன்பாகாது. ஆயின், சான்றுகள் ஒருபக்கமாக மட்டும் இல்லை. 1834-இல் டால்பட்டில் என்னும் சிற்றூரில் கூலி குறைவதை எதிர்த்துச் சங்கம் அமைத்த உழவுத்தொழிலாளர் அறுவர் ஏழாண்டு நாடுகடத்தப்பட்டனர். அவருள் ஐவர் மெதடிஸ்டுகள். தலைவராகிய ஜார்ஜ் லவ்லெஸ் அச்சபையின் பேச்சாளர். பொதுமக்கள் எதிர்ப்பால் 1836-இல் அவர்கட்கு மன்னிப்பு வழங்கப்பட்டது.

ஒரே மரபு அடங்கிய தொழிலாளியையும் அடங்காத தொழிலாளியையும் எங்ஙனம் உண்டாக்கிற்று? விடை வெஸ்லி அமைத்த 'வகுப்பு' என்னும் சிறுகுழுவில் உள்ளது. 1742-இல் பிரிஸ்டல் கூடத்தின் கடனைத் தீர்க்க ஒவ்வோர் உறுப்பினரும் வாரம் ஒரு பென்னி தருவதென முடிவாயிற்று. பன்னிருவர்க்கு ஒருவர் அதனைத் திரட்டப் பொறுப்பேற்றார். வீடுதோறும் சென்றவர் கடனை மட்டுமன்றி ஒவ்வொருவர் வாழ்க்கை நிலையையும் அறிந்துவந்தார். கடன்திரட்டும் ஏற்பாடு ஒருவரையொருவர் தாங்கும் ஏற்பாடாயிற்று. அக்குழுவில் எழுத்தறிவு குறைந்தோரும் பேசக் கற்றனர். கணக்கு வைக்கக் கற்றனர். தம் குற்றத்தைத் தாமே சொல்லவும் பிறர் துன்பத்தைக் கேட்கவும் கற்றனர். பின்னாளில் தொழிற்சங்கக் கூட்டங்களை நடத்தியோர் பலர் இப்பயிற்சி பெற்றவரே.

1743-இல் வெஸ்லி சங்கங்களுக்கு வகுத்த பொதுவிதி மூன்று: தீமை செய்யாமை, நன்மை செய்தல், இறைவழிபாட்டு நெறிகளில் நிற்றல். தீமை செய்யாமையின் விரிவை 1760-இல் வெளிவந்த பணப்பயன் பற்றிய பேருரையில் காணலாம். இயன்ற அளவு ஈட்டுதலையும் சேமித்தலையும் வழங்குதலையும் வலியுறுத்தும் அவ்வுரை, ஈட்டுதலுக்கு ஓர் எல்லை கட்டுகின்றது. உயிரையும் உடல்நலத்தையும் கெடுக்கும் தொழிலால் ஈட்டலாகாது. நஞ்சுக்கனிமங்களைக் கையாளுதலையும் உருகும் ஈயத்தின் ஆவியைச் சுவாசித்தலையும் அவர் பெயர்சுட்டியே கூறுகின்றார். பிறர் உடலுக்கும் உடைமைக்கும் கேடு செய்து ஈட்டுதலும் ஆகாது என்கின்றார். பட்டறையின் காற்று எத்தகையது என்பது வெஸ்லிக்குப் பரிசுத்தம் பற்றிய வினாவே. வள்ளுவர் வினைத்தூய்மை என்றது இதனோடு நன்கு பொருந்தும்.

இவ்வளவையைக் கொண்டு இவ்வட்டாரத்து அண்மை நிகழ்ச்சிகளை நோக்குதல் தகும். 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றமையால், கைப்பேசி ஆலையிற் பணிபுரிந்த பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து நீதி கேட்டனர். 2024-இல் சாம்சங் ஆலைத் தொழிலாளர் தம் சங்கத்தை ஏற்குமாறு வேண்டி செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை வேலைநிறுத்தம் செய்தனர். இவை சமயக் கிளர்ச்சிகள் அல்ல. ஆயினும், நல்லுணவும் கூடிப்பேசும் உரிமையும் பரிசுத்தத்திற்குப் புறம்பானவை எனக் கூறும் ஒரு சமயம் வெஸ்லியின் மரபை உரிமைகோருதல் இயலாது என்பதே நாம் கூறவருவது.

6. மரபின் எதிர்காலம்

வெஸ்லிய மரபின் நிறுவன வடிவம் தமிழ்நாட்டில் பெரிதும் மாறிவிட்டது. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியபோது, பிரித்தானிய மெதடிஸ்டு மரபினர் ஆங்கிலிக்கரோடும், தென்னிந்திய ஐக்கிய சபையினரோடும் அதனுட் கலந்தனர். அமெரிக்க மெதடிஸ்டு மரபினர் அதிற் சேராது தனித்து நின்றனர். இலங்கையில் மெதடிஸ்டுச் சபை 1964-இல் தன்னாட்சி பெற்றுத் தன் பெயரோடு விளங்குகின்றது. அச்சபை ஈன்ற யாழ்ப்பாணத் தமிழராகிய டி. டி. நைல்ஸ் (1908–1970), 1948-இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபை மன்றம் தொடங்கியபோது உரையாற்றினார். 1968-இல் உப்சாலாவில், கொலையுண்ட மார்ட்டின் லூதர் கிங் பேசவிருந்த இடத்தில் பேசினார்.

உலக அளவில் இம்மரபு பிளவுற்றுள்ளது. அமெரிக்காவில் ஒருபால் திருமணம், குருத்துவம் பற்றிய கருத்து வேறுபாட்டால் 2019 முதல் 2023 வரை 7,600-க்கு மேற்பட்ட சபைகள் ஐக்கிய மெதடிஸ்டுச் சபையினின்று நீங்கின. 2022-இல் உலகளாவிய மெதடிஸ்டுச் சபை என்னும் புதிய அமைப்பு தோன்றிற்று. இரு சாராரும் பரிசுத்தம் என்னும் சொல்லையே தம் பக்கம் சான்றாக அழைக்கின்றனர்.

மற்றொருபுறம், பரிசுத்த இயக்கம் வேறு பெயர்களில் வளர்ந்தது. மெதடிஸ்டுக் குருவாயிருந்த வில்லியம் பூத் தோற்றுவித்த இரட்சணிய சேனை 1882-இல் இந்தியா வந்தது. அமெரிக்கப் பரிசுத்த இயக்கத்தின் வழித்தோன்றலாகிய பெந்தெகொஸ்தே இயக்கம் தமிழரிடையே விரைந்து பரவிற்று. 1924-இல் இலங்கையில் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷனின் தலைமையிடம் இன்று தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் உள்ளது. அதன் ஊழியர் வெள்ளாடை உடுத்து, மணம் தவிர்த்துக் கூடிவாழ்பவர். ஆகவே, வெஸ்லியின் பெயர் குறைந்தவிடத்தும் அவர் முதன்மையாகப் பேசிய சொல் ஒரகடத்தின் அருகிலேயே உரத்து ஒலிக்கின்றது. பெயர் நிலைக்குமா என்பது சிறுவினா. சொல் எப்பொருளோடு நிலைக்கும் என்பதே பெருவினா.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் ஆலைப்பெண்களுக்கெனத் திறக்கப்பட்ட விடுதித்தொகுதி 18,720 பேர் தங்கத்தக்கது. வெஸ்லியின் வகுப்போ பன்னிருவர் கொண்டது. அத்துணைப் பெருந்தொகையினர் நடுவே ஒருவர் பெயரை மற்றொருவர் அறிந்து, அவர் உணவையும் உடல்நலத்தையும் கூலியையும் உள்ளத்தையும் வாரந்தோறும் வினவும் பன்னிருவர் கூட்டம் எங்கு அமையினும், அது கோயிலில் ஆகுக, விடுதியில் ஆகுக, சங்கத்தில் ஆகுக, அங்கே வெஸ்லி கண்ட பரிசுத்தத்தின் விளைநிலம் உளது எனலாம்.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன இவை. வெஸ்லியின் பரிசுத்தம் மாசின்மையில் தொடங்கி நிறையன்பில் முடிவது, கூட்டுறவில் விளைவது. தமிழில் அதற்கு அமைந்த 'பரிசுத்தம்' என்னும் சொல் அதன் முற்பகுதியை விளக்கமாகவும் பிற்பகுதியை மங்கலாகவும் காட்டிற்று. தீட்டுடையோர் என ஒதுக்கப்பட்டோர் அதனைத் தம் உரிமையாக ஏற்றபோது அச்சொல் விரிந்தது. விலக்குப் பட்டியலாக நின்றபோது அது சுருங்கிற்று. நிறைவு, தேறுதல், வினைத்தூய்மை என்னும் தமிழ்ச் சொற்கள் அக்குறையை நிரப்பும் ஆற்றல் உடையன.

சமயச் சொல்லாட்சியை ஆராய்வோர் மூலநூலையும் அகராதியையும் நோக்குவதோடு, அச்சொல்லைக் கேட்டோர் வாழ்ந்த சேரியையும், இன்று கேட்போர் வாழும் விடுதியையும் நோக்குதல் கடன். இராமாநுசர் பிறந்த ஊரில் இன்று இரவுப்பணி முடித்து வெளிவரும் பெண்ணொருத்திக்குப் பரிசுத்தம் என்பது தன்னைக் குறைகூறும் சொல்லாகப் படுமா, தன்னைத் தேற்றும் சொல்லாகப் படுமா என்பதைப் பொறுத்தே இம்மரபின் எதிர்காலம் அமையும். இத்துறையில் களஆய்வு செய்யப் புகும் மாணவர்க்கு இஃது ஒரு தொடக்கமாக அமையின், நாம் மகிழ்வோம்.